காற்றில் திறந்துவிடாத கேஸ்

என் ஆசை மாமாவுக்கு,

நீங்கள் போய் இது மூன்றாவது கோடை. கடை நடக்கிறது. பலகையில் உங்கள் பெயருக்குக் கீழே என் பெயரையும் எழுதச் சொல்லிவிட்டேன். பொம்பளை ஃப்ரிட்ஜ் மெக்கானிக்கா என்று சிரித்தவர்களே இப்போது, "அக்கா, கொஞ்சம் வெரசா வாங்க" என்று போன் போடுகிறார்கள்.

சேலத்தில் மெக்கானிக்குகளுக்கு வைத்த அந்தப் பயிற்சி நினைவிருக்கிறதா? அதுவரை நீங்களும் எல்லோரையும் போலத்தான். ஃப்ரிட்ஜுக்குள் குளிரூட்டும் பழைய கேஸைப் புஸ்ஸென்று காற்றில் திறந்துவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பீர்கள். பயிற்சி முடிந்து வந்த அன்று உங்களுக்குச் சோறு இறங்கவில்லை. "ஏம்புள்ள, இந்தக் கேஸை நிறுத்தோணும்னு உலகத்துல அத்தனை நாடும் ஒண்ணா உக்காந்து கையெழுத்துப் போட்டிருக்குதாமா. இதுனாலதான் மேல ஓசோன்ல ஓட்டையாமா. நான் எத்தனை வருசமாத் தொறந்து உட்டிருக்கறேன்!" என்றீர்கள். மறுநாளே கேஸை உறிஞ்சிப் பிடிக்கும் மெஷினுக்காக அலைய ஆரம்பித்தீர்கள். உங்களுக்குப் பைத்தியம்தான் பிடித்துவிட்டது என்று நினைத்தேன். மன்னித்துவிடுங்கள்.

போன வாரம் எருமப்பட்டி முட்டைக் கிடங்கில் குளிர் மெஷின் கோளாறு. நம் பெரிய வாடிக்கை அதுதான், கைவிட்டுப் போனால் கடையை இழுத்து மூட வேண்டும். கிடங்குக்காரர் பறந்தார். "முட்டை கெட்டுப்போயிருமுங்க! கேஸைத் தொறந்து உடுங்க, பத்து நிமிசத்துல முடியும்."

நான் உறிஞ்சும் மெஷினை இறக்கி வைத்தேன், மாமா. சொல்லியும்விட்டேன். "மாட்டேனுங்க, நேரமானாலும் மெஷின்ல உறிஞ்சித்தான் எடுப்பேன். இந்தப் புதுக் கேஸ் ஓசோனைத் தொடாது, ஆனா பூமியச் சூடாக்குது. இதையும் கொறைக்கோணும்னு நாடுக மறுபடி ஒப்புக்கிட்டிருக்குது. வேற ஆளைக் கூப்பிடறதுன்னா கூப்பிட்டுக்குங்க."

அவர் போனை எடுத்தார். என் முகத்தைப் பார்த்தார். திரும்பச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"உங்க ஊட்டுக்காரரும் இப்படித்தான் என்னைய நிக்க வெச்சாருங்க. உறிஞ்சுங்க."

முட்டை ஒன்றும் கெடவில்லை. அன்று எனக்கு வந்த கர்வம் இருக்கிறதே! எங்கோ தேசங்கள் போட்ட கையெழுத்துக்கு நம் கடை கட்டுப்பட்டு நிற்கிறது. அதைத் தொடங்கி வைத்தது என் வீட்டுக்காரர்.

ஆஸ்பத்திரியில் கடைசியாக என்ன கேட்டீர்கள்? "அந்த ஓட்டை மூடிக்குமா, சாமி?" நான் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

இப்போது விசாரித்துவிட்டேன். மெதுவாகத்தான், ஆனால் மூடிக்கொண்டு வருகிறதாம், மாமா. அதில் உங்கள் பங்கு எவ்வளவு இருக்கும்? யாரிடம் போய்க் கேட்பேன்?

இந்தக் கை ஓடும்வரை நம் கடையிலிருந்து ஒரு மூச்சுக் கேஸ்கூட வானத்துக்குப் போகாது.

உங்கள் பொண்டாட்டி,
இந்தக் கடையின் மெக்கானிக்,
செல்வி