தித்தித்த கஞ்சியும் பிடிமெழுகும்

நலமே சூழ்க. ஏழ்வாயில் நகரத்து மணிமுடி உடையவரும், பன்னிரு கோட்டங்களுக்கு நிழல் தருபவரும், நாற்சாலை அறிஞர்க்குச் சோறும் ஓலையும் குறைவின்றி வழங்குபவருமாகிய பொன்னிலை நாட்டு அரசியார் அருந்திறல் நாச்சியார், உப்பும் சங்கும் விளையும் வெண்கோடித் துறையின் தலைவர் மாநாகனாருக்கு விடுக்கும் திருமுகம் இது. தங்கள் கரையில் அலை அடங்குக. பாத்திகளில் உப்பு பூக்க. தங்கள் இல்லத்து அடுப்பு என்றும் எரிக.

அரசியார் சொல்லச் சொல்ல இதை எழுதுபவன் ஓலைநாயகம் குழைக்காதன். அரசியாருக்குரிய பட்டங்கள் பதினெட்டும் முதல் நறுக்கிலேயே வரவேண்டும் என்பது முறை. இம்முறை மூன்றோடு நிறுத்தச் சொல்லிவிட்டார். நான்காவதைத் தொடங்கியவனை, எழுத்தாணியைப் பிடுங்காத குறையாகத் தடுத்தார். நடந்ததை நடந்தபடி எழுதவேண்டும், அரசிக்குச் சாதகமாக ஒரு சொல்லும் சேர்க்கலாகாது என்பது கட்டளை. முப்பது ஆண்டுகளாகச் சேர்த்துச் சேர்த்தே எழுதிப் பழகிய கைக்கு இது எவ்வளவு சிரமம் என்பதைத் தாங்கள் அறியமாட்டீர்கள்.

சென்ற திங்கள் தங்கள் ஓலை வந்தது. ஓலையைப் பிரிக்கும் முன்பே அரசியார் மெழுகைத்தான் கையில் எடுத்தார். அரண்மனையிலிருந்து செல்லும் ஒவ்வொரு திருமுகத்தோடும் ஓர் உருண்டை இளமெழுகு செல்வதும், பெற்ற இல்லத்தின் வாரிசு அதை வலக்கையில் இறுகப் பிடித்து, விரல் பதிந்த அந்தப் பிடிமெழுகை மறுமொழியோடு அனுப்புவதும் இந்நாட்டில் பாட்டன் பூட்டன் காலத்து வழக்கம். தங்கள் மகள் நெய்தலி நான்கு வயதில் பிடித்த முதல் மெழுகிலிருந்து ஒன்பது வயதில் பிடித்தது வரை அத்தனையும் அரசியாரின் பேழையில் இருக்கின்றன. மற்ற கோட்டங்களின் மெழுகு உருக்கப்பட்டு விளக்குக்குப் போய்விடும். இவை மட்டும் போகா. பிள்ளைப்பேறு இல்லாத அரசியார் அவற்றை அவ்வப்போது எடுத்து, குழியில் தம் விரலை வைத்துப் பார்ப்பதை இந்தக் குழைக்காதனே கண்டிருக்கிறான். இதை எழுதவேண்டாம் என்றார். நடந்ததை நடந்தபடி எழுதச் சொன்னதும் அவரே என்பதால் எழுதிவிட்டான்.

இம்முறை மெழுகு உருண்டையாகவே வந்திருந்தது. நான்கு விரலும் பட்ட இடத்தில் நகக்கோடு அளவுக்குக்கூடப் பள்ளமில்லை. அரசியார் அதைக் கீழே வைக்கவில்லை. அதன்பிறகே தங்கள் ஓலையைப் படித்தார்.

நெய்தலியின் மணிக்கட்டு துவண்டு தொங்குவதையும், அகப்பையைக்கூடப் பிடிக்க முடியாமல் அவள் நழுவவிடுவதையும், வயிற்றுவலியில் சுருண்டு கிடப்பதையும், ஈறுகளில் நீலக்கோடு ஓடுவதையும் தாங்கள் எழுதியிருந்தீர்கள். துறையில் மட்டும் நூற்றுப் பதினான்கு பிள்ளைகளுக்கு இதே நிலை என்றும் எழுதியிருந்தீர்கள். மகளின் கை திரும்புமா என்று கேட்டிருந்தீர்கள். தலைநகரில் நான்கு சாலை நிறைய அறிஞர்கள் இருக்கிறார்களே, அவர்கள் என்னதான் செய்துகொண்டிருக்கிறார்கள் என்று உப்பளத்து மக்கள் கேட்பதாகவும் குறித்திருந்தீர்கள். அந்தக் கேள்விக்கே முதலில் விடை சொல்லவேண்டும் என்கிறார் அரசியார்.

அவர்கள் சும்மா இருக்கவில்லை. பொறிச்சாலையில் ஒருவர் எண்ணெயின்றி இயங்கும் ஏற்றத்தையும், இன்னொருவர் சூளையின் சூட்டையும் ஆய்கிறார். மருத்துவச்சாலையில் கருவுற்றவளின் நாடி முதல் கன்றுக்குட்டியின் கழிச்சல் வரை எதையும் விட்டுவைப்பதில்லை. இலக்கியச்சாலையில் துடுப்புப் பாட்டு மட்டுமே முப்பத்திரண்டு வகை சேர்த்திருக்கிறார்கள். இரண்டாவது கப்பல் வந்ததும் மிளகின் விலை ஏன் சரிகிறது என்பதற்கு வணிகச்சாலையில் ஓர் அறையே ஒதுக்கப்பட்டிருக்கிறது. ஒருவர் ஆய்வது மற்றவருக்குத் தலையும் புரியாது, வாலும் புரியாது.

அதனால்தான் முன்னோர் மாற்றோலை நாள் என்றொன்றை வைத்திருந்தார்கள். முழுநிலா நாள்தோறும் நான்கு சாலையாரும் ஒரே கம்பளத்தில் அமர்வார்கள். யாரும் தம் ஓலையைத் தாமே வாசிக்கக் கூடாது. குடவோலை எடுத்து, வேற்றுச் சாலைக்காரர் ஒருவரின் ஓலையை வாசித்து, எழுதியவர் தலையசைக்கும் வரை அதன் பொருளைத் தம் சொற்களில் சொல்லவேண்டும். வைத்தியர் அளபெடையில் தடுக்கி விழுவார். புலவர் சூளைக் கணக்கில் மூச்சு வாங்குவார். ஒரே சிரிப்பாக இருக்கும்.

நான்கு ஆண்டுகளுக்கு முன், அண்டை நாட்டுத் தூதர் வந்திருந்த நாளில், வயது முதிர்ந்த இலக்கணப் புலவருக்குக் குடற்புழு ஓலை வாய்த்தது. அவர் அதைப் பண்ணோடு பாடிக்காட்ட, தூதர் மேலாடையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தார். அரசியாருக்கு மானம் போனது போலாயிற்று. மறுநாளே மாற்றோலை நாளை ஒழித்தார். சாலைக்கொரு மதில் எழுப்பினார், மதிலுக்கொரு வாயில் வைத்தார், அவரவர் வேலையை அவரவர் பார்க்கவேண்டும் என்று ஆணையிட்டார். அந்த ஆணையை அழகாக எழுதிக் கொடுத்தவன் இதே குழைக்காதன்தான். அதற்குப் பொன்னாடையும் பெற்றான்.

இப்போது நடந்ததற்கு வருவோம். மெழுகைக் கையில் பிடித்தபடியே அரசியார் மருத்துவச்சாலைக்கு நடந்தார். அங்கே மருத்துவர் வேம்பனார், வெண்கோடித் துறையின் கைத்துவளலைப் பற்றி ஓராண்டாக எழுதிய மூன்று ஓலைகளை எடுத்துக் காட்டினார். கிணற்று நீரைச் சோதித்திருந்தார், மீனைச் சோதித்திருந்தார், உப்பையும் சோதித்திருந்தார். காரணம் அகப்படவில்லை. நம்பிக்கை இழந்தவர் போல அரசியார் அங்கேயே அமர்ந்துவிட்டார். பிறகு, வேறு வழி தோன்றாமல், தங்கள் துறையைப் பற்றி நான்கு சாலையிலும் எழுதப்பட்ட ஓலைகள் அனைத்தையும் பழைய கம்பளத்துக்குக் கொண்டுவரச் சொன்னார். எழுதியவர்களோடு நான்கு சாலையின் மற்ற அறிஞர்களையும் அழைத்தார். குடவோலைக் குடத்தைத் தாமே தூசு தட்டி எடுத்தார்.

வேம்பனார் கைக்கு வாய்த்தது ஒரு பாட்டோலை. இலக்கியச்சாலையின் நல்லிசையாள் தங்கள் உப்பளத்தில் மூன்று திங்கள் தங்கித் தொகுத்தது. வேம்பனார் தடுமாறித் தடுமாறி வாசித்தார்:

புளிச்ச கஞ்சி தித்திக்குதே – புதுச்
சாடி வந்த நாள் முதலா.

அதன்கீழே, இது மகிழ்ச்சி மிகுதியால் பிறந்த புனைந்துரை என்றும், இல்லாத இனிப்பை நாவில் ஏற்றிப் பாடும் பெண்களின் கற்பனை வியத்தற்குரியது என்றும் நல்லிசையாள் ஐந்து வரி எழுதியிருந்தார். வேம்பனார் அதற்கு மேல் வாசிக்கவில்லை.

“அம்மா, நீங்க அந்தக் கஞ்சியைக் குடிச்சுப் பார்த்தீங்களா?” என்று கேட்டார்.

“குடிச்சேன் ஐயா. நிசமாவே தித்திச்சுது. ஊத்திக் கொடுத்தவங்க மனசுன்னு நினைச்சுக்கிட்டேன்” என்றார் நல்லிசையாள்.

அரசவையில் இவ்வாறு பேசும் வழக்கமில்லை. ஆனால் அன்று யாருக்கும் வழக்கம் நினைவில் இல்லை. பொறிச்சாலையின் சூளையாய்வாளர் எழுந்து நின்றார். மினுக்கும் சாடிகளுக்குப் பூசும் மெருகில் காரீயம் இருக்கிறது என்றும், புளித்ததை ஊற்றி வைத்தால் நாற்பது நாளில் அந்த மெருகு கரைந்து மங்குகிறது என்றும், கரைந்ததற்கு இனிப்புண்டு என்றும் தாம் இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவைத்ததாகச் சொன்னார். எதற்காக எழுதினார் என்று கேட்டதற்கு, மெருகு மங்கினால் சாடியின் அழகு கெடுமே என்ற கவலையில் எழுதியதாகச் சொன்னார். காரீயம் உடலுக்குள் போனால் என்ன செய்யும் என்பதை மருத்துவச்சாலையின் மாணாக்கர்கூட அறிவர். மதிலுக்கு இந்தப் பக்கம் நோய் இருந்தது, அந்தப் பக்கம் அதன் காரணம் இருந்தது.

அத்தகைய சாடிகள் வெண்கோடிக்கு எவ்வாறு சென்றன என்று அரசியார் கேட்டார். விடை வணிகச்சாலையாரின் ஓலையில் இருந்தது. அவ்வோலை சூளையாய்வாளர் கையில் இருந்தது. அவர் பாதி வாசித்துவிட்டு ஓலையைக் கீழே வைத்தார். அடுத்த வரியையும் வாசிக்கும்படி அரசியார் சொன்னார். அந்த வரி இது: பெரும்புயலுக்குப் பின், வீடிழந்த வெண்கோடி மக்களுக்கு அரண்மனை வழங்கிய ஆறாயிரம் சாடிகள்.

மாநாகனாரே, தங்களுக்கு நினைவிருக்கும். மண்சட்டியே போதும் என்று அமைச்சர் சொன்னபோது, துயரப்பட்டவர்களுக்கு அழகான பொருளாகக் கொடுக்கவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவர் அரசியார். வணிகர் கொண்டுவந்த சாடியை விரலால் தட்டி ஓசை கேட்டு, தாமே தேர்ந்தெடுத்தார். முதல் சாடியை நெய்தலியின் கையில் தாமே கொடுத்தார். அவள் அதை இரு கையாலும் மார்போடு அணைத்துக்கொண்டு ஓடினாள்.

கம்பளத்தில் இவ்வுண்மை வெளிப்பட்ட அன்று மாலையே சாடிகளை உடைக்கும்படி குதிரைத் தூதன் வழியாகக் கட்டளை அனுப்பினார். காரணத்தை மட்டும் அனுப்பவில்லை. அனுப்ப நா எழவில்லை என்பதே உண்மை. பின் நடந்ததைத் தாங்கள் நேரில் கண்டீர்கள். தூதன் வந்து இங்கே சொன்னான். மக்கள் சாடிகளை மணலில் புதைத்தும் வைக்கோலில் மறைத்தும் காத்தார்களாம். “மகராசி கையால குடுத்த சாடி. எங்க கை போனாலும் போவட்டும், அத ஒடைக்க மாட்டோம்யா” என்று உப்பளத்துப் பெண் ஒருத்தி அவன் முகத்துக்கு நேரே சொன்னாளாம். கேட்டதும் அரசியார் அழுதார். ஆறாயிரம் வீடுகள் தம்மீது வைத்த அன்பே இன்று நஞ்சுக்குக் காவல் நிற்பதை எண்ணி அழுதார். பகைவனின் கோட்டையை இடிக்கப் படை உண்டு. இதை இடிக்க எதுவுமில்லை என்றார்.

இனித் தங்கள் கேள்விக்கு விடை. நெய்தலியின் கை திரும்புமா என்பது அரசியாருக்குத் தெரியாது. நான்கு சாலையையும் சுற்றிவந்து கேட்டுவிட்டார். சாடியை நிறுத்தினால் வயிற்றுவலி தணியும் என்று வேம்பனார் உறுதி சொல்கிறார். கைகளைப் பற்றிக் கேட்டால், சிலருக்குத் திரும்பும், சிலருக்குத் திரும்பாது, யாருக்கு எது என்று சொல்ல என்னிடம் நூலில்லை என்கிறார். மூலிகை உண்டா என்றால் இல்லை என்கிறார். ஆணையிட்டுப் பெறக்கூடியதாக இருந்தால் அரசியார் இந்நேரம் நூறு ஆணை இட்டிருப்பார்.

ஆகவே இயன்ற கட்டளைகள் இவை. இவ்வோலையை ஒரு சொல்லும் விடாமல், உப்பளத்தின் நடுவே, எல்லோரும் கூடிய பகற்பொழுதில் தாங்களே உரக்க வாசிக்கவேண்டும். நஞ்சைக் கொடுத்தவர் அரசியார் என்பதை அவர்கள் அரசியாரின் சொல்லாலேயே கேட்கவேண்டும். சினந்தாலும் சினக்கட்டும், சாடிகள் உடைந்தால் போதும். அரண்மனையில் இருந்த அதே வகைச் சாடியை அரசியார் தம் கையால் உடைத்த ஓடுகள் இத்துடன் வருகின்றன, அவற்றையும் காட்டவேண்டும். மண்சட்டிகள் ஆறாயிரம் வண்டியேறிவிட்டன; அழகாக இரா. வேம்பனாரும் நல்லிசையாளும் வண்டிகளோடு வருகிறார்கள். ஒருவர் கைகளைப் பார்ப்பார், மற்றவர் மக்கள் சொல்வதைச் சொன்னபடியே எழுதுவார். நாற்சாலையின் மதில்கள் நேற்று முதல் இடிக்கப்படுகின்றன. மாற்றோலை நாள் மீண்டும் நடக்கும். எந்த நாட்டுத் தூதர் சிரித்தாலும் நடக்கும்.

இறுதியாக, இது கட்டளையா வேண்டுகோளா என்று குழைக்காதன் கேட்டான். எதுவாக வேண்டுமானாலும் எழுதிக்கொள் என்றார். இத்துடன் பன்னிரண்டு உருண்டை இளமெழுகு வருகிறது, திங்களுக்கு ஒன்றாக. பிடித்துப் பார்க்கும்படி நெய்தலியிடம் சொல்லுங்கள். வலித்தால் வேண்டாம். அவளுக்காக வேறொருவர் விரல் பதிக்கலாகாது; அரசியாருக்கு அவள் விரல் தெரியும். பள்ளம் விழாத மெழுகானாலும் அப்படியே அனுப்புங்கள்.

ஏழ்வாயில் நகரில், மூன்று பட்டங்களோடு, அரசியாரின் கணையாழி பதிந்தது. முத்திரை சற்றுக் கோணலாக விழுந்திருக்கிறது, ஓலை மெய்யானதே. மெழுகு வரும் வரை இங்கே வாயிற்காவலர் வெண்கோடியிலிருந்து வரும் ஒவ்வொரு வண்டியையும் நேரே அரசியாரிடம் விடவேண்டும் என்பது ஆணை.