துணி பார்க்கிற விரல்

ஜனவரி 5, ஞாயிறு

ஆஸ்பத்திரி நர்ஸ் ஞானசுந்தரி சிஸ்டர் விருதுநகரிலிருந்து ஸ்கூட்டரில் வந்து பார்சலைக் கொடுத்துவிட்டுப் போனார். கறுப்பும் ஊதாவும் கலந்த உடுப்பு. கை கிடையாது, தொடையோடு முடிந்துவிடுகிறது. பேர் டிரை சூட்டாம். "டிரைன்னா காஞ்சதுல்ல? இதப் போட்டுக்கிட்டுக் கடல்ல குதிக்கச் சொல்றீக?" என்றேன். சிஸ்டர் சிரித்துச் சிரித்து இருமியே விட்டார். இந்த டிரைக்கு மூணு என்று அர்த்தமாம். நீச்சல், சைக்கிள், ஓட்டம், மூன்றுக்கும் இதே உடுப்பு. இடையில் மாற்ற வேண்டாம்.

பிப்ரவரி 9 தூத்துக்குடியில் போட்டி. நாற்பது வயசில் எனக்கு இந்தக் கூத்து தேவையா? சர்க்கரைக்காக நடக்கப் போனவளை ஓடவிட்டு, சைக்கிளில் ஏற்றி, இங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார் சிஸ்டர். நீச்சல் மட்டும் என் சொந்தச் சரக்கு. கிணற்றில் பழகியது.

துணி கைக்கு வந்ததும் விரல் தானாகப் போய் இடுப்புப் பக்கத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துத் தேய்த்துப் பார்த்தது. பட்டாசுக் கம்பெனி கேட்டில் பொம்பளையாட்களின் துணி பார்த்தவள் நான். ஒன்பது வருசம். காட்டன் என்றால் உள்ளே, நைலான் பாலியஸ்டர் என்றால் வீட்டுக்கு. உரசினால் பொறி வரும் துணி. இது முழுசும் அந்த ஜாதி. "திரும்பிப் போ" என்று வாய்வரை வந்துவிட்டது. யாரைச் சொல்ல?

ஜனவரி 7, செவ்வாய்

போட்டுப் பார்த்தேன். கழற்றும்போது படபடவென்று பொரிந்தது. கை மயிரெல்லாம் எழுந்து நின்றுவிட்டது. ஓடிப்போய் ஜன்னல் கம்பியைத் தொட்டேன், சுரீர் என்றது. கம்பெனியில் ரூமுக்குள் போகும் முன்னால் வாசலில் இருக்கும் செம்புத் தகட்டைத் தொடுவோம். உடம்பில் ஏறின கரண்ட் இறங்கிவிடும். அந்த ஞாபகம்தான்.

தொட்டுவிட்டு ஒதுங்கி நின்றேன். பின்னால் வருகிறவள் தொடட்டும் என்று.

வீட்டில் யாருமே இல்லை. ஒதுங்கினது ரொம்ப நேரம் கழித்துத்தான் உறைத்தது.

ஜனவரி 10, வெள்ளி

துவைத்துக் காயப்போட்ட சூட்டில் ரெண்டு விரல் தடம். இடுப்பில், இடது பக்கம். வெளியே ஒன்று, உள்ளே ஒன்று. வெள்ளி நிறம்.

இந்த மனுசன்தான். ஆப்செட் பிரஸ்ஸில் கல்யாணப் பத்திரிகைக்கு சில்வர் இங்க் ஓட்டுகிறவருக்குக் கையைக் கழுவ வலிக்கிறது. பிடித்துக் கத்தினேன். "அந்த ரப்பர் சட்டைய நான் எதுக்குடி தொடப்போறேன்?" என்று ராஜபாண்டியன் கையை விரித்துக் காட்டினார். கை சுத்தமாக இருந்தது. அதுக்கும் திட்டினேன்.

ஜனவரி 13, போகி

அவர் நேற்றே பொங்கல் சீர் எடுத்துக்கொண்டு கோவில்பட்டித் தங்கச்சி வீட்டுக்குப் போய்விட்டார். கதவைப் பூட்டியது நான், திறந்ததும் நான்.

காலையில் பார்த்தால் மறுபடியும் தடம். அதே இடம்.

இங்க் என்றால் காய்ந்து பிடித்துக்கொள்ளும். இது ஊதினால் பறக்கிறது. எனக்குத் தெரியாதா இது என்னவென்று? அலுமினியப் பவுடர். பட்டாசுக்கு மருந்து அடைக்கிற பொம்பளைகள் சாயங்காலம் வெளியே வரும்போது கையெல்லாம் வெள்ளி பூசின மாதிரி இருக்கும். என் வீட்டில் அந்தப் பவுடர் கிடையாது. கம்பெனியை விட்டு வந்து ஒன்றரை வருசம் ஆகப்போகிறது.

ஒல்லி விரல். நான் துணி பார்க்கிற அதே இடத்தில், நான் பார்க்கிற அதே மாதிரி.

ஜனவரி 17, வெள்ளி

எழுதிவிடுகிறேன். யாரிடமும் சொல்லாததை நோட்டிலாவது சொல்லித் தொலைக்கிறேன்.

2023 புரட்டாசி. தீபாவளி சீசன், ஆர்டர் குவிஞ்சு கிடந்துச்சு. முந்தின நாள் பூராம் மழை. மருந்து அடைக்கிற மாரித்தாய் வந்தா. சேலை காட்டன்தான், உள்பாவாடை நைலான். இடுப்புல தொட்டதுமே தெரிஞ்சுபோச்சு. "துணி காயலக்கா, இன்னைக்கு ஒருநாள் மட்டும்"னு கெஞ்சுனா. வீட்டுக்குப் போயிட்டு வந்தா அரைநாள் சம்பளம் போயிரும். ஈரக்காத்துதானே, பொறி எங்க வரப்போகுதுன்னு நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கிட்டேன். போன்னுட்டேன். சிரிச்சுக்கிட்டே போனா பாவி.

பதினோரு மணிக்கு அவ ரூம் வெடிச்சுப் போயிருச்சு. அவ ஒருத்திதான் உள்ள.

விசாரணையில் "எல்லாரையும் சோதிச்சீங்களா?" என்று கேட்டார்கள். "சோதிச்சேன்" என்றேன். பொய் இல்லை. சோதிச்சேன். விட்டேன் என்பதை யாரும் கேட்கவில்லை. உராய்வு என்று எழுதினார்கள். பாவாடையாலதானா? மருந்தாலயா? யாருக்குத் தெரியும்? எனக்கும் தெரியாது. அதுதான் ஆளைக் கொல்லுது.

ஜனவரி 22, புதன்

காட்டனில் நானே ஒரு குட்டை டிரவுசரும் மேல்சட்டையும் தைத்தேன். தையல் என் கையிலேயே இருக்கும்போது எவன் தயவு வேண்டும்?

தோட்டத்துக் கிணற்றில் போட்டுக் குதித்தேன். துணி தண்ணீரைக் குடித்துக் கல்லாகக் கனத்தது. மேல்சட்டை எழும்பி முகத்தில் சுற்றிக்கொண்டது. அந்த நேரத்தில்தான், தண்ணீருக்கு அடியில், இடது இடுப்பில் யாரோ துணியைப் பிடித்தார்கள். இழுக்கவில்லை. ரெண்டு விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்கள்.

படியேறி வந்தேன். சட்டையைக் காயப்போட்டு மறுபடி மறுபடி போய்ப் பார்த்தேன். அதில் தடம் விழவே இல்லை.

ஜனவரி 29, புதன்

சிஸ்டர் கறாராகச் சொல்லிவிட்டார். "தொளதொள துணியோட கடல்ல இறங்க விடமாட்டாங்க மீனா. காட்டன் ஆள அமுக்கிரும். சூட்டப் போடு, இல்லன்னா பேர எடுத்துரு."

பேரை எடுத்துவிடலாம். ஆனால் ஓடும்போது மட்டும்தானே அந்தப் பதினோரு மணிச் சத்தம் காதில் விழாமல் இருக்கிறது. அதையும் விட்டால் நான் என்ன ஆவேன்?

சூட்டில் இன்றைக்கும் தடம்.

பிப்ரவரி 2, ஞாயிறு

விஸ்வநத்தம் போனேன். மாரித்தாய் மகள் ஆர்த்தி, காலேஜ் கடைசி வருசம், வாசலில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள். "வாங்க பெரியம்மா, சாப்பிட்டீகளா?" நின்றபடியே எல்லாத்தையும் கொட்டினேன். நைலானென்று தெரிந்தே உங்கம்மாவை உள்ளே விட்டேன் என்றேன்.

அடிப்பாள் என்று நினைத்தேன். அடிக்கட்டும் என்றுதான் போனேன்.

அவள் புத்தகத்தை மூடி வைத்தாள். "அந்த நைலான் பாவாடை என்னுது பெரியம்மா. அன்னைக்குக் காலேஜ்ல எல்லாரும் சேலை கட்டிட்டு வரணும்னு சொல்லிருந்தாங்க. காஞ்சு இருந்தது அம்மாவோட காட்டன் பாவாடை ஒண்ணுதான். அம்மாகிட்டக் கேக்காம நான் உடுத்திட்டுப் போயிட்டேன்."

ஒன்றரை வருசமா இந்தப் பிள்ளையும் இதை ஒத்தையில சுமந்துக்கிட்டுத் திரிஞ்சிருக்கு. ரெண்டு பேரும் கட்டிப்பிடித்து அழுதோம். வேறென்ன செய்ய?

கிளம்பும்போது விரல் தடத்தைச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "எந்தப் பக்கம்?" என்று மட்டும் கேட்டாள். இடது என்றேன். "அம்மாவுக்கு இடதுகைப் பழக்கம்" என்றாள்.

பிப்ரவரி 9, ஞாயிறு

ஆர்த்தி முதல் பஸ்ஸைப் பிடித்துத் தூத்துக்குடி வந்துவிட்டாள். கடற்கரையில் கயிறு கட்டி, பேர் கொடுத்தவர்களை மட்டும் உள்ளே விட்டுக்கொண்டிருந்தார்கள். நான் சூட்டோடு நின்றேன். கால் நகரவில்லை. சிஸ்டர் உள்ளே இருந்து கத்துகிறார், எனக்கு அந்தக் கயிறு கம்பெனி கேட்டாகத் தெரிகிறது.

ஆர்த்தி கிட்ட வந்தாள். குனிந்து என் இடுப்புத் துணியை ரெண்டு விரலால் தேய்த்துப் பார்த்தாள்.

"நைலான், பெரியம்மா."

"ஆமா."

"பரவால்ல. இன்னைக்கு ஒருநாள் மட்டும். போங்க."

போனேன். கடைசியிலிருந்து மூணாவதாக வந்தேன். வழி பூராம் அழுதுகொண்டே வந்ததை உப்புத்தண்ணி என்று நினைத்திருப்பார்கள்.

பிப்ரவரி 10, திங்கள்

சூட்டில் தடம் இல்லை. உள்ளே வெளியே புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

பிப்ரவரி 24, திங்கள்

மறுபடி கேட்டில் வேலை. மேனேஜரிடம் அன்றைக்கு நடந்ததை எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் கேட்டேன். திட்டினார், யோசித்தார், நாளைக்கே வா என்றார்.

முதல் நாளே புதுசாக வந்த ஒருத்தி. தொட்டதும் தெரிந்தது. "துவைச்சது காயலக்கா, இன்னைக்கு ஒருநாள் மட்டும்" என்றாள். பையைத் திறந்தேன். பதினஞ்சு நாளாக உட்கார்ந்து தைத்தது, ஆறு காட்டன் பாவாடை. "மாத்திக்கிட்டுப் போ. சாயங்காலம் குடுத்துட்டுப் போகணும், ஆமா."

சாயங்காலம் மடித்துக் கொடுத்துவிட்டு, கம்பெனி பஸ்ஸுக்கு ஓடினாள். அவள் ஏறி உட்காருகிறவரைக்கும் பார்த்துக்கொண்டே நின்றேன்.

வீட்டுக்கு வந்து விரித்தேன். இடுப்பில் வெள்ளித் தடம், நாலைந்து விரல், கசகசவென்று. வலது பக்கம். அவள் கைதான்.

சோப்புப் போட்டுத் துவைத்துக் காயப்போட்டிருக்கிறேன்.