பார்மகேயா

ஜூலை 7, ஞாயிறு
இதை யார் படித்தாலும் சரி, கெஞ்சிக் கேட்கிறேன், அம்மாவிடம் காட்டாதீர்கள். சபையில் யாரிடமும் வேண்டாம்.

இன்று ஆராதனையில் பாஸ்டர் ஒரு கிரேக்கச் சொல் சொன்னார். பார்மகேயா. நம் வேதத்தில் பில்லிசூனியம் என்று இருக்கிற இடத்தில் மூலத்தில் அதுதான் இருக்கிறதாம். "மருந்துக் கடைக்கு இன்னா பேரு? பார்மசி! அப்ப மாத்திரை யாரோடது?" என்றார். "பிசாசோடது" என்று எல்லோரும் கத்தினார்கள். அம்மா எழுந்து, தங்கை சிவந்திக்கு வலிப்பு குணமாகிவிட்டது என்று சாட்சி சொன்னாள். வீட்டுக்கு வந்ததும் மாத்திரைகளைக் குப்பையில் போட்டாள்.

நான் பொறுக்கி எடுத்துவிட்டேன்.

ஜூலை 9
"வேதத்துல பவுல் கூட இருந்த லூக்கா வைத்தியர்தானேம்மா?" என்று கேட்டேன்.
"கர்த்தர் தொட்ட புள்ளைக்கு மாத்திரை இன்னாத்துக்குடி? சபை முன்னால சாட்சி சொல்லிக்கீறேன். என்னைப் பொய்க்காரி ஆக்காத."
அப்பா மீன்பிடி போட்டில் ஆழ்கடலில் இருக்கிறார். போன் போகவில்லை.

ஜூலை 10
பள்ளிக்குப் போகும் வழியில், எண்ணூர் ரயில்வே கேட் அருகே, சிவந்திக்கு மாத்திரை கொடுத்தேன். "அம்மாவாண்ட சொல்லாத."
"பிசாசு வராதாக்கா?" என்று கேட்டுக்கொண்டே விழுங்கினாள்.

ஜூலை 12
பள்ளி நூலகத்தில் பழைய வேத அகராதி ஒன்று. அந்தக் காலத்தில் அந்தச் சொல்லை மருந்துக்கும் சொல்லியிருக்கிறார்கள், விஷத்துக்கும், மந்திரத்துக்கும். பவுல் பாவங்களின் பட்டியலில் அதை விக்கிரக ஆராதனைக்குப் பக்கத்தில் வைக்கிறார், அங்கே அது சூனியம்தான். நோய்க்கு மருந்து தின்கிறவளை அவர் திட்டவில்லை. படித்ததும் அழுகை வந்தது. இதை யாரிடம் போய்ச் சொல்ல?

ஜூலை 14, ஞாயிறு
சிவந்தியை மேடையில் நிறுத்தினார்கள். வலிப்பே வரவில்லை என்று அம்மா சொன்னதும் ஒரே அல்லேலூயா. பக்கத்து வீட்டு முத்தம்மா அக்கா தன் சர்க்கரை ஊசி மருந்தை எல்லோர் முன்னாலும் மேடையருகே இருந்த வாளியில் போட்டுவிட்டார்.

வலிப்பு வராதது நான் தினமும் கொடுக்கும் மாத்திரையால். நான் கொடுக்காமல் இருந்திருந்தால் அக்கா நம்பியிருக்க மாட்டார். கொடுக்காமல் எப்படி இருப்பேன்?

ஜூலை 16
முத்தம்மா அக்காவுக்கு நிற்காத வாந்தி. அவர் மகள் பவானி என் வகுப்பு. "ஆஸ்பத்திரின்னாலே கத்துதுடி. உபவாசம்னு படுத்துக்கினு கீது" என்றாள். மாத்திரை கொடுப்பதை நான் அவளிடம் சொல்லவில்லை. ஏன்?

ஜூலை 17
அம்மாவிடம் சொல்லிவிடத்தான் போனேன். சிவந்திக்குத் தலை வாரிக்கொண்டே சிரித்துக்கொண்டிருந்தாள். அம்மா அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. திரும்பி வந்துவிட்டேன்.

நாளைக் காலையில் முத்தம்மா அக்காவிடமே போய்ச் சொல்வேன். அம்மா அடிக்கட்டும். எப்படிச் சொல்வது என்று எழுதிப் பார்க்கிறேன். யக்கா, சிவந்தி இன்னும் மாத்திரை போட்டுக்கினுதான் கீறா, நீயும் ஊசியை—

கதவைத் தட்டுகிறார்கள். பவானி குரல். "கதவத் தொறங்க, அம்மா எழுந்துக்க மாட்டுது, எவ்ளோ எழுப்பியும்—"