அம்மாள் மூன்று தரம் வந்த வீடு

என்ர ஆசை அப்பாவுக்கு,

நீங்கள் கண்மூடிய பிறகு பிறந்த, நீங்கள் முகம் பாராத பேத்தி ஆரணிக்கு ஒன்றரை வயது. இப்போதுதான் தூங்கினாள். கன்னமெல்லாம் கறுப்புப் புள்ளிகள். உங்கள் அன்புத் தங்கை, என் மாமியார், செய்த உபகாரம்.

குளிப்பாட்டிய பிள்ளையைக் காலை வெயிலில் காட்டினால்தான் உரமேறுமாம். முதல் தரமே முகம் கொப்பளித்தது. கொப்பளிப்பான் அம்மை என்று முடிவுகட்டி, "அம்மாள் வந்திருக்கிறா" என்று மாமி வாசலில் வேப்பிலை செருகினார். கொப்புளம் வற்றியதும் தண்ணீர் வார்த்துத் திரும்பவும் வெயிலில் காட்டினார்! மூன்று தரம் வந்தும் ஒருவருக்கும் சந்தேகமில்லை. அம்மாளுக்கு எங்கள் வீட்டை விட்டால் போக்கிடம் இல்லைப் போலும்.

கொழும்பு ஆஸ்பத்திரியில்தான் கண்டுபிடித்தார்கள், இது அம்மாளில்லை, வெயில் என்று. நீங்கள் தோணிக் கயிறு திருத்துவீர்களே, முறுக்கைப் பிரித்தால்தானே நைந்த இடத்தை வெட்டிப் புதுப்புரி சேர்க்கலாம்? நம் உடம்பின் கலங்களில் டி.என்.ஏ. அப்படித்தான் இரட்டைப் புரியாக முறுக்கிக் கிடக்கிறது. வெயிலில் எல்லாருக்கும் அது நையும். அதைப் பற்றிப் பிடித்து முறுக்கைப் பிரிக்க ஒரு புரதம் உண்டு. பிறகுதான் மற்றவை வந்து திருத்தும். ஆரணிக்கு அந்தப் புரதம் பழுது. நைந்தது நைந்தபடியே நிற்கும், நாளைக்குப் புற்றுநோயாகலாம். அந்தப் பழுது தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் வர வேண்டுமாம். சொந்த மச்சானுக்குக் கட்டிவைத்தீர்களே அப்பா, இரண்டும் உங்கள் வீட்டிலிருந்தே வந்ததோ?

மாமிக்கு விளக்கினேன். "எங்கட வம்சத்தில பழுதோ? கம்பஸுக்குப் போய் இதைத்தான் படிச்சனியோ?" என்றார். பக்கத்து வீட்டு அக்காவுக்குச் சிரிப்பு: "சல்லிக் கடற்கரையில பிறந்திட்டு வெயிலுக்குப் பயமாம்!" ஓம், கருவாட்டையும் பிள்ளையையும் ஒன்றாய்க் காயப்போடும் மூளை.

நாளைக்குக் கோயில் பொங்கல். பிள்ளையை நடுப்பகலில் தூக்கி வீதி சுற்றுவதாக மாமி நேர்ந்திருக்கிறார், என்னைக் கேளாமல். ஜன்னலில் நான் கட்டிய கறுப்புத் துணியையும் இன்று அவிழ்த்துவிட்டார். செத்தவீடு மாதிரிக் கிடக்குதாம்.

"மாமி, அம்மாள் நேரில வந்து கூப்பிட்டாலும் பொழுதுபட்டாப் பிறகுதான் ஆரணி வருவாள்."

"படிச்ச திமிர்!"

"ஓம். அந்தத் திமிராவது இருக்குதே."

உங்கள் மருமகன் கைபேசியிலிருந்து தலை தூக்கவில்லை. துணியை நானே திரும்பக் கட்டினேன்.

வாய் மட்டும் காவலாகாது அப்பா. நான் குளிக்கப் போகும் நேரம் போதுமே, மாமி பிள்ளையைத் தூக்கிப் போக. அதனால் விடியமுன் டவுனில், ஓர்ஸ் ஹில்லில் இருக்கும் என் சிநேகிதி வீட்டுக்குப் போகிறோம். மாமி வெறுங்கையோடு வீதி சுற்றட்டும்.

பொழுதுபட்ட பிறகு உங்கள் தோணிக் கரைக்குக் கூட்டிவருவேன். கடலில் அவள் கால் நனையும். ஒரு கீற்று வெயிலும் அவளைத் தொட விடமாட்டேன். உங்கள் தங்கைக்கு எதிராக உங்களுக்குத் தருகிற வாக்கு இது.

உங்கட மூத்தவள்,
ஆரணியின் அம்மா