பொட்டு வைத்த கேமரா

மைனி,

கேமராப் பையின் ஜிப்பை இழுத்ததும் குப்பென்று சந்தன வாசம் வந்தது. பீரோவில் பட்டுச் சேலைகளுக்கு அடியில் மூன்று வருஷம் கிடந்தும் அது போகவில்லை. யார் வைத்த சந்தனம் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சிரிக்காதீர்கள். அதைத் திறக்கும்போது உங்கள் மேல் எனக்குக் கோபம்தான் இருந்தது.

அடுத்த வாரம் உங்கள் முதல் வருஷத் திதி. சட்டம் போட்டு மாட்ட உங்கள் படம் ஒன்று உருப்படியாக இல்லை. ஆதார் அட்டைப் படத்தைப் பெரிதாக்கலாமா என்று அண்ணனிடம் கேட்டேன். கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இது யாரு? களவாணிய பிடிச்சு உக்கார வச்ச மாதிரி இருக்கு" என்று திருப்பிக் கொடுத்துவிட்டான். செல்போனில் இருப்பதெல்லாம் நீங்கள் படுத்துக் கிடந்த அந்த இரண்டு வருஷத்துப் படங்கள். அதையும் காட்டினேன். "இது சீக்குக்காரிலா? எனக்கு எம் பொண்டாட்டி வேணும்ட்டி" என்றவன், துண்டை எடுத்துக்கொண்டு புறவாசலுக்குப் போய் நின்றுகொண்டான். இருபது வருஷமாக ஊரில் உள்ள அத்தனை பேரையும் படம் எடுத்தீர்களே, உங்களை ஒருத்தர் எடுக்க நின்று கொடுத்தீர்களா? அதுதான் கோபம்.

உங்கள் மகன் துபாயிலிருந்து முதல் தடவை வந்தபோது கொண்டுவந்த கேமரா அது. வெள்ளி நிறம், சோப்புப் பெட்டி அளவு. கூடவே இங்கிலீஷில் ஒரு குட்டிப் புத்தகம். நான் பள்ளிக்கூட ஆபீஸில் கிளார்க் என்பதால் வாசிக்கிற வேலை என் தலையில் விழுந்தது. "நீ வாசி, நான் அமுக்குதேன்" என்றீர்கள். நான் இரண்டாம் பக்கம் வருவதற்குள் நீங்கள் ஏழு பொத்தானையும் அமுக்கி முடித்திருந்தீர்கள்.

தேதியைக் கேட்டது. "தேதி காலண்டர்ல கெடக்கு, இதுக்கு எதுக்கு?" என்று தள்ளிவிட்டீர்கள். பேட்டரி செல் மாற்றும் ஒவ்வொரு தடவையும் அது பாவம் போலக் கேட்கும், நீங்கள் ஒவ்வொரு தடவையும் தள்ளிவிடுவீர்கள். படத்தின் கீழே விழுகிற தேதிப்படி பொங்கல், தீபாவளி, கார்த்திகை எல்லாம் நம் வீட்டில் ஜனவரி ஒன்றாம் தேதிதான் நடந்தன.

செல் தீர்ந்த அன்றைக்கு நீங்கள் செய்த வேலை இருக்கிறதே! கூடத்துக் கடிகாரத்திலிருந்து ஒன்று, அடுக்களைக் கடிகாரத்திலிருந்து ஒன்று உருவிப் போட்டீர்கள். கேமரா இரண்டு படம் எடுத்துவிட்டுக் கண்ணை மூடிவிட்டது. அண்ணனோ நின்றுபோன கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு சாவகாசமாக ஷேவிங் பண்ணிக்கொண்டிருந்தான். டவுண் பஸ் போய்விட்டது. "கடியாரத்தையும் கொன்னுட்டு கேமராவையும் கொன்னுட்டியே" என்று கத்தினான். கடிகாரத்துக்குப் போடுகிற செல் கேமராவுக்குத் தாங்காது, அல்கலைன் செல்தான் வேண்டும் என்று புத்தகத்தில் இருந்ததை நான் அப்புறம்தான் வாசித்தேன்.

அதற்குப் பிறகு கேமரா முரண்டு பிடித்தால் காய்ச்சல்காரப் பிள்ளையிடம் கேட்பது போல அதனிடம் கேட்பீர்கள். "சாப்ட்டியா? எங்க, கண்ணத் தொற. வயிறு நெறஞ்சிருக்கா?" செல்லைப் பார்ப்பது, லென்ஸைப் பார்ப்பது, படம் பதிகிற கார்டைப் பார்ப்பது. அவ்வளவுதான் உங்கள் வைத்தியம். பாதி நாள் இதிலேயே சரியாகிவிடும். மீதி நாள் கார்டின் ஓரத்தில் இருக்கும் பூட்டுக்கட்டை உங்கள் நகம் பட்டு இறங்கியிருக்கும். நான் ஏற்றிவிடுவேன்.

நான் எடுத்த படம் எல்லாம் ஆடித்தான் வரும். "வெடுக்குன்னு அமுக்காதட்டி. பாதி அமுக்கு, பச்ச வெளிச்சம் வரட்டும். பொறவு பைய... பைய" என்பீர்கள். என் விரல் மேல் உங்கள் விரலை வைத்து ஒரு நாள் அமுக்கியும் காட்டினீர்கள். புத்தகத்தில் ஒரு பக்கம் முழுக்க எழுதியிருந்ததை நீங்கள் ஒரு வார்த்தையில் சொன்னீர்கள்.

சரி, சந்தனத்துக்கு வருகிறேன். சரஸ்வதி பூஜைக்கு அண்ணனுடைய சைக்கிள், அரிவாள்மணை, மிக்ஸி, என் தையல் மிஷின் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்த கை கேமராவை மட்டும் விட்டுவிடுமா? வைத்தது வைத்தீர்கள், முதுகில் வைக்கக் கூடாதா? "மூஞ்சிலதான பொட்டு வைக்கணும்" என்று ஃபிளாஷ் கண்ணாடிக்கு மேலே சந்தனத்தை அப்பி, நடுவில் குங்குமம் வைத்தீர்கள். நாலு நாள் கழித்து என் மகளுக்கு வளைகாப்பு. எடுத்த அத்தனை படத்திலும் எல்லார் முகமும் செக்கச்செவேல். சம்பந்தி அம்மாவைப் பார்க்க அருள் வந்து நிற்பது போல இருந்தது. நான் தையத்தக்கா என்று குதித்தேன். நீங்கள் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு நிதானமாகப் பார்த்து, "எல்லாரும் நல்ல நெறமா இருக்காவட்டி" என்றீர்கள். என்ன செய்வது, சிரித்துத் தொலைத்தேன். ஃபிளாஷைத் துடைத்தது நான்தான். லென்ஸ் மூடியின் இடுக்கில் போனது மட்டும் வரவில்லை.

ஏரல் கல்யாணத்துக்குப் போனோமே, நினைவிருக்கிறதா? சாப்பிட்டுவிட்டுக் கடைத்தெருவில் அரிசி புடைக்க ஒரு சுளகு வாங்கினீர்கள். ஆற்றங்கரையில் வெயில் தாங்காமல் அதைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நடந்தீர்கள். நான் கேமராவைப் பிடுங்கிவிட்டேன். "ஏட்டி, சுளகோடயா? ஆரும் பாத்தா என்ன நெனப்பாவ?" என்று திட்டத் திட்ட எடுத்தேன். ஏழாவது படத்தோடு இடமில்லை என்றது. திறந்து பார்த்தால் கார்டையே காணோம். பிரிண்ட் போடக் கொடுத்த ரதவீதி ஸ்டுடியோவிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறோம்! மறுநாள் கார்டை வாங்கிப் போட்டுப் பார்த்தோம். ஏழில் ஒன்றுகூட இல்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. "போனாப் போவுது. நான் எங்கட்டி போயிரப் போறேன்? இன்னொரு நாள் எடுத்துக்கலாம்" என்றீர்கள்.

போய்விட்டீர்கள். சுளகு இங்கே கிடக்கிறது.

முந்தாநாள் மேஜையில் துணியை விரித்துக் கேமராவை எடுத்து வைத்தேன். சாப்ட்டியா? உள்ளே விட்டுவைத்த செல் கசிந்து, கம்பிச் சுருளில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தது. காது குடையும் பஞ்சுக்குச்சியில் எலுமிச்சம்பழச் சாறு தொட்டுத் துடைத்து, ஒரு பகல் காயவிட்டுப் புதுச் செல் போட்டேன். உயிர் வந்தது. தேதி கேட்டது. உங்களை நினைத்துத் தள்ளிவிட்டேன். கண்ணைத் திற என்றால் லென்ஸ் கரகரவென்று அழுதுவிட்டு நின்றுவிட்டது, உங்கள் சந்தனம்தான். போகட்டும், பழைய படம் பார்க்க லென்ஸ் எதற்கு? பார்க்கிற பொத்தானை அமுக்கினேன். கார்டில் நானூறு படம். அண்ணன், மகன், நான், பால்காரர், எதிர்வீட்டு ஆடு, அதன் குட்டி. நீங்கள் மட்டும் இல்லை.

போங்கள் என்று கார்டை உருவி வெளியே வைத்தேன். பைக்குள் திரும்ப வைக்கும் முன்பு, இதற்கு இன்னும் உயிர் இருக்கிறதா என்று சும்மா ஒரு தடவை அந்தப் பொத்தானை அமுக்கினேன்.

சுளகு தெரிந்தது மைனி. சுளகுக்குக் கீழே நீங்கள்!

கார்டு இல்லாவிட்டால் தன் சொந்த வயிற்றில் வைத்துக்கொள்ளுமாம் அது. கார்டைப் போட்டுவிட்டால் கார்டில் இருப்பதை மட்டும்தான் காட்டுமாம். புத்தகத்தைத் தேடி எடுத்து வாசித்தேன், கடைசிப் பக்கத்தில் எழுதியிருக்கிறது. நானும் ஒரு கிளார்க்! ஏழும் பத்திரமாக இருந்தன. ஐந்து ஆட்டம். ஒன்றில் என் விரல். ஒன்றே ஒன்று தெளிவு: வாயைத் திறந்து என்னைத் திட்டிக்கொண்டே சிரிக்கிறீர்கள். அண்ணனிடம் கொண்டு போய்க் காட்டினேன். வெகுநேரம் பார்த்தான். "திட்டுதா பாரு" என்றான். அவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம், ஒரு வருஷமாக நான் பார்க்காதது.

ஸ்டுடியோக்காரர் கீழே இருக்கிற தப்புத் தேதியை அழித்துத் தரவா என்று கேட்டார். அண்ணன் விடவில்லை. "அவ தள்ளி விட்ட தேதிலா, இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டான். சட்டம் போட்டு இன்றைக்கு வந்துவிட்டது. கூடத்துக் கடிகாரத்துக்குப் பக்கத்தில் மாட்டினோம், அதற்கும் உங்களுக்கும் பழைய கணக்கு இருக்கிறதே. அண்ணன் சந்தனமும் குங்குமமும் குழைத்துக்கொண்டு வந்தான். இப்போது அவனுக்குக் கை நடுங்குகிறது மைனி. கண்ணாடியில் உங்கள் நெற்றி இருக்கும் இடம் அவன் விரலுக்கு அகப்படவில்லை. நான் பக்கத்தில் போய் அவன் விரல் மேல் என் விரலை வைத்தேன்.

"பைய அண்ணே," என்றேன். "பைய."