சின்னதுரை நீட்டிய கரண்டி

ஜூன் 18, செவ்வாய்

மழை. நாலாவது நாள். கொழுந்து ஈரத்தோடு வருகிறது, மாடியில் பரப்பினால் வாடமாட்டேன் என்கிறது. முழங்காலில் பழைய வலி.

காலையில் தோட்டத்து மானேஜர் பெரியதுரையும் அவருக்கு உதவியான சின்னதுரையும் தேயிலை ருசி பார்க்க வந்தார்கள். (இனி பெ.து., சி.து. மையும் மிச்சம், யாராவது திருடிப் படித்தால் மருந்துப் பெயர் என்று நினைக்கட்டும்.) ஏழு கோப்பைத் தேயிலைச் சாயம் வரிசையாக வைத்தேன். முறை என்னவென்றால், துரைமார் தங்கள் கரண்டியால் உறிஞ்சி, துப்பி, நகர்ந்த பிறகுதான் டீமேக்கராகிய அடியேன் என் கரண்டியை எடுக்க வேண்டும்.

ஆனால் சி.து. தொழிற்சாலை வேலை பழக வந்த இந்த நாலு மாதமாக, தனியாக இருக்கும்போது எங்களுக்கு ஒரே கரண்டி. அவன் உறிஞ்சுவான், நீட்டுவான், நான் உறிஞ்சுவேன், கருகலா இல்லையா என்று சண்டை போடுவோம். (வாயால் ‘துரை’. இங்கே மட்டும் ‘அவன்’.) இருபத்தைந்து வயது வெள்ளைக்காரனுக்கும் நாற்பத்தேழு வயதுத் தொப்பைக்கும் சிநேகிதம்!

இன்று பழக்கதோஷம். மூன்றாவது கோப்பையை உறிஞ்சிவிட்டு, “கருகிருச்சாங்க? பாருங்க” என்று கரண்டியை நீட்டினான். பெ.து. பக்கத்திலேயே நிற்கிறார். நான் மடையன் மாதிரி வாயில் வைத்துவிட்டேன். அதோடு விட்டேனா? “லேசாக் கருகல் தொரை” என்று தீர்ப்பும் சொன்னேன்.

பெ.து. மீதி நாலு கோப்பையைத் தொடவில்லை. கைத்தடியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

தேயிலை நிஜமாகவே கருகல்.

ஜூன் 19, புதன்

இன்று காதில் விழுந்தவை:

உருட்டு மெசின் பக்கம்: “தொரை எச்சி நம்ம ஐயாவுக்கு இனிச்சிச்சாம்ல!”

பொகவந்தலாவைக் கடையில்: இருவரும் ஒரே தட்டில் சோறு.

ஆபீசில்: நான் துரையைக் கட்டிப்பிடித்து முத்தம். (வெள்ளிக்கிழமைக்குள் கல்யாணமே முடித்துவிடுவார்கள்.)

வீட்டில் இன்னும் விசேஷம். என் சம்சாரம் செல்லம்மா வாசலிலேயே மறித்தாள். “அங்கயே நில்லுங்க. மாட்டுக்கறி திங்கிற வாயி பட்ட கரண்டிய வாயில வச்சிட்டு, எங்க அடுப்படிக்கா வர்றீங்க? குளிச்சிட்டு வாங்க.” இந்தக் குளிரில் குளித்தேன். சி.து. எங்கள் பின்வாசலில் காப்பி குடிக்கும் தம்ளரை அவள் தனியாக வெளியே கவிழ்த்து வைப்பாள். அது விருந்தாளித் தம்ளர் என்று அவனிடம் சொல்லி வைத்திருக்கிறேன். பெருமைப்பட்டான்.

கூலிக்காரர் லயத்திலிருந்து வரும் மாரிக்கு அந்தத் தம்ளரும் இல்லை. தேங்காய்ச் சிரட்டை. பதினெட்டு வருடமாக என் உருட்டு மெசினை ஓட்டுகிறவன். இதை இன்றைக்கு ஏன் எழுதுகிறேன்?

ஜூன் 21, வெள்ளி

மழை விட்டு மூடுபனி. ஆபீசுக்கு அழைப்பு. மேசையில் டைப் அடித்த காகிதம். பெ.து. தம் தோட்டத்தமிழில்: “டீமேக்கர், நீ சைன் போடு. சின்னத் தொரை குடிச்சி வேலைக்கு வந்தது. நீ பாத்தது.”

பெரிய கிளாக்கர் வெளியே வந்து விளக்கினார். “ஒரே கரண்டில ருசி பாத்தான், அதுக்காக வேலைய விட்டு எடுக்குறோம்னு லண்டன் கம்பெனிக்கு எழுத முடியுமா, சொல்லுங்க? வெக்கக்கேடு. குடிச்சான்னா எழுதலாம். குடிக்காத தொரை எங்க இருக்கான்?”

நான் கையெழுத்துப் போட்டால், அவன் குடிகாரப் பட்டத்தோடு கப்பலேறுவான். பிறகு எந்தத் தோட்டமும் சேர்க்காது. போடாவிட்டால் எனக்கு இருபத்துநாலு மணி நேர நோட்டீஸ், குவார்ட்டர்ஸும் போச்சு. ஆவணியில் மகள் கமலத்துக்குக் கல்யாணம். திங்கள் வரை தவணை.

அவன் குடித்து நான் பார்த்ததெல்லாம் செல்லம்மாவின் காப்பி. அதைக் குடித்ததற்கு வேண்டுமானால் வைத்தியரிடம் அனுப்பலாம்.

ஜூன் 22, சனி

கொழுந்து வாட்டும் மாடிக்குத் தேடி வந்தான். மற்றத் துரைமாருக்கு ‘வா, போ’தான் தெரியும். இவன் என்னிடம் தமிழ் படித்ததால் நாயைக்கூட “வாங்க, உக்காருங்க” என்பான்.

“என்கிட்டயும் கேட்டாங்க, குடிச்சேன்னு ஒத்துக்கச் சொல்லி. முடியாதுன்னுட்டேன். அன்னிக்கி நான் குடிக்கலீங்க.”

“தெரியும் தொரை.”

“அப்ப அதச் சொல்லுவீங்களா?”

ஆமாம், இல்லை. இரண்டில் ஒன்று சொல்லியிருக்கலாம். நான் சொன்னது: “இந்தத் தொப்பையப் பாருங்க தொரை. இதுக்குள்ள கெடக்குற உண்மைய வெளிய தூக்கவே நாலு ஆளு வேணும்.”

விழுந்து விழுந்து சிரித்தான். தோளைத் தட்டிவிட்டு நிம்மதியாக இறங்கிப் போனான்.

எல்லோரையும் சிரிக்கவைத்தே தப்பித்து வந்தவன் நான். வேறு வித்தை தெரியாது.

ஜூன் 24, திங்கள்

போட்டேன்.

நல்ல பேனா. கிளாக்கர் மை ஒற்றினார். “கையெழுத்து அம்சமா இருக்குங்க.” பெ.து. தலை நிமிரவில்லை.

செல்லம்மா அப்பளம் பொரித்தாள்.

ஜூன் 26, புதன்

மறுபடி மழை. அவனை அட்டன் ஸ்டேஷனுக்கு ஏற்றிப்போக எட்டரைக்குக் கார். துரை ஒருவர் போனால் மாலை, மேளம் என்று வழக்கம். இவனுக்கு ஒன்றும் வேண்டாம் என்று உத்தரவு.

கார் தொழிற்சாலை வாசலில் நின்ற சத்தம். நான் சலிக்கும் அறைக்குள், அடுக்கிய தேயிலைப் பெட்டிகளுக்குப் பின்னால் போய் நின்றேன். குந்தினேன் என்று எழுதுவதுதான் நேர்மை. தொப்பை மடங்க, தூளுக்குள். தும்மல் வந்தது. மூக்கைப் பொத்திக்கொண்டேன்.

ஒவ்வொருவர் பெயராகச் சொல்லிக் கை கொடுத்து வந்தான். “மாரி, போய்ட்டு வர்றேங்க.” பிறகு, “டீமேக்கர் ஐயா எங்கங்க?”

“அட்டனுக்குப் போயிருக்காருங்க தொரை.”

யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. மாரி தானாகச் சொன்னான்.

பூட்ஸ் நகரவில்லை. மெசின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. வெகுநேரம் கழித்துக் கார் கிளம்பியது.

வெளியே வந்தேன். வேட்டியெல்லாம் தூள். மாரி தன் வலக்கையையே பார்த்துக்கொண்டு நின்றான். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்:

“ரொம்ப நேரம் நின்னாருங்க ஐயா. அந்தப் பொட்டிப் பக்கமே பாத்துக்கிட்டு.”

“சரி. பெல்ட்டு நழுவுது, அதப் பாரு” என்றேன்.