டோலியில் ஏறிய எம்.பி.

அன்புள்ள ஐயாவுக்கு,

காலையிலிருந்து வீட்டுக்குள் தார் வாசனை. ஊர் ரோட்டைப் புதுப்பிக்கிறார்கள். வாசலுக்கு நேரே தார் டிரம் கொதிக்கிறது, சுற்றிலும் புகை. பால்வாடிக்குப் போகிற பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுகின்றன. எனக்கென்னவோ அந்த வாசனை பிடித்திருந்தது. காப்பி டம்ளரோடு வெளியே வந்து நின்றேன். "தள்ளி நில்லுங்கம்மா, மேல தெறிச்சிரும்" என்று ரோடு போடுகிறவர் சத்தம் போட்டார். நீங்கள் இருந்திருந்தால் இந்நேரம் அவரிடம் போய், ஜல்லி என்ன கனம், தார் எவ்வளவு என்று குடைந்தெடுத்திருப்பீர்கள். நீங்கள் காலமான செய்தியை டி.வி.யில் பார்த்த அன்றைக்கு வராத அழுகை, இந்தத் தார் டிரம் பக்கத்தில் நின்றபோது வந்துவிட்டது. புகை கண்ணில் பட்டுவிட்டது என்று சொல்லிச் சமாளித்தேன்.

ஏற்காட்டு மலையில் செம்மநத்தத்துக்கு அப்பால் இருக்கும் இந்த ஊருக்கு நான் பால்வாடி டீச்சராக வந்தவள். எஸ்டேட்டில் வேலை பார்த்தவரைக் கட்டிக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டேன். அப்போது எங்களுக்கு ரோடு என்று இருந்தது மழைத்தண்ணீர் போகும் தடம்தான். பஸ் ஏற வேண்டுமானால் கீழே மெயின் ரோட்டு முக்கு வரை நடக்க வேண்டும். நடக்க முடியாதவர்களை டோலி கட்டித் தூக்குவார்கள். ஒரு மூங்கில், அதில் தொங்கவிட்ட கம்பளி, முன்னும் பின்னும் ஆட்கள், அவ்வளவுதான் டோலி. என் முதல் பிரசவத்துக்கு என்னையும் அப்படித்தான் கொண்டுபோனார்கள். பாதி வழியில், ஒரு சில்வர் ஓக் மரத்தடியில் குழந்தை பிறந்தது. பையன். அழவே இல்லை. ஏற்காடு ஆஸ்பத்திரியில் என்னைப் பிழைக்க வைத்த டாக்டர், "கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா ரெண்டு பேரையும் காப்பாத்தியிருக்கலாம்மா" என்றார். அந்தக் கொஞ்சத்தை நான் எங்கே போய் வாங்குவது?

நான் மறுபடியும் உண்டாகியிருந்த சமயத்தில்தான், ரோட்டைப் பார்க்க எம்.பி. வருகிறார் என்று சேதி வந்தது. என் வீட்டுக்காரர் வாய்விட்டு ஒன்றும் சொல்லமாட்டார். ஆனால் அன்றைக்கு அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது. எனக்கும்தான். இந்தப் பிள்ளையாவது உயிரோடு கைக்கு வர வேண்டுமே என்ற ஒரே நினைப்பில் கிடந்தேன்.

எங்கள் மலையில் ஒரு வழக்கம் உண்டு, உங்களுக்குத் தெரியாததா. விருந்தாளி வருகிறார் என்றால் அவர் வரும் பாதையைச் செதுக்கிச் சரிசெய்துவிடுவார்கள். திருவிழாவில் சாமி புறப்படும் பாதைக்கும் அதே மரியாதைதான். எம்.பி. என்றதும், வீட்டுக்கு ஓர் ஆள் வேலைக்கு வந்தாக வேண்டும் என்று ஊர்ப் பெரியவர் சொல்லிவிட்டார். கூடை கூடையாகச் செம்மண் வந்து இறங்கியது. ஒரு குழி பாக்கியில்லை.

"ஏனுங்க, ரோடு மோசம்னு காட்டத்தானுங்களே அவரக் கூப்புடறோம்?" என்று கேட்டேன்.

"அதுக்கோசரம்? நம்மூட்டுக்கு வர்ற மனுசன் குலுங்கிக் குலுங்கியா வரோணும்? மருவாதி வேண்டாமா அம்மிணி?" என்றார் பெரியவர். எல்லோரும் அவர் சொன்னதுதான் சரி என்று மண்வெட்டியை எடுத்தார்கள். நல்ல மனசால் கெட்டுப்போவதில் எங்களை மிஞ்ச ஆளில்லை.

நீங்கள் எஸ்டேட் ஜீப்பில் அலுங்காமல் குலுங்காமல் வந்து இறங்கினீர்கள். மாலை போட்டார்கள். பால்வாடி முன்னால் நாற்காலி போட்டு உட்காரவைத்துக் காப்பி கொடுத்தார்கள். கடைசியில் நீங்கள் எழுந்து, "ரோட்ட நொம்ப நல்லாத்தானுங்களே வெச்சிருக்கீங்க!" என்றீர்கள். பெரியவருக்குப் பெருமை தாங்கவில்லை. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எழுந்து நின்றுவிட்டேன்.

"நீங்க வந்துட்டுப் போறதுக்கு நல்லாத்தானுங்க இருக்குது. முந்தாநேத்து வந்திருந்தா தெரிஞ்சிருக்கும். உங்களுக்காகத்தான் குழியெல்லாம் மூடுனாங்க. நாங்க ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு ஒருத்தரும் மூட மாட்டாங்க" என்றேன்.

என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்தார். நீங்கள் என்னை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, தலையில் அடித்துக்கொண்டு சிரித்தீர்கள் பாருங்கள், அந்தச் சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. "மழ பெஞ்சா இந்த மண்ணு நிக்குமா கண்ணு?" என்று கேட்டீர்கள். "ஒரு மழைக்குத் தாங்காதுங்க" என்றேன். "அப்ப மழ பெஞ்சதுக்கப்புறம் வர்றனுங்க. எந்நேரம்னு சொல்லமாட்டேன்" என்று கும்பிட்டுவிட்டுப் போனீர்கள். அரசியல்வாதி பேச்சுதானே என்று ஊர் உங்களை அத்தோடு மறந்துவிட்டது. பொய் சொல்வானேன், நானும்தான் மறந்தேன்.

அடைமழை விட்ட ஒரு காலையில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒற்றைச் செருப்போடு நீங்கள் ஏறி வந்ததைப் பார்த்தபோது யாரோ வழி தப்பி வந்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். சேலத்திலிருந்து பஸ்ஸில் வந்து, முக்கில் இறங்கி, உதவியாளரை மட்டும் கூட்டிக்கொண்டு நடந்திருக்கிறீர்கள். இன்னொரு செருப்பு எங்கள் ரோட்டுச் சேற்றில் போய்விட்டது. காலில் அட்டை கடித்து ரத்தம். பெரியவர் பதறிப்போய் வெந்நீர் வைக்கச் சொன்னார். நீங்களோ, "அந்த டோலியக் கொஞ்சம் காட்டுங்க" என்றீர்கள். காட்டினார்கள். "சரி, என்னைய வெச்சுத் தூக்குங்க" என்றீர்கள்!

உங்கள் உடம்பு என்ன லேசுப்பட்ட உடம்பா? நாலு ஆள் தூக்கியும் மூங்கில் வளைந்தது. முதல் இறக்கத்தில் "ஏப்பா, பாத்துப்பா, பாத்து!" என்று நீங்கள் போட்ட கூச்சலில் பின்னால் வந்த பெண்களெல்லாம் வாயைப் பொத்திச் சிரித்தோம். போகப்போக உங்கள் சத்தம் நின்றுவிட்டது. ஓரிடத்தில் இறக்கச் சொன்னீர்கள். எழுந்து உட்கார்ந்து, "உம்பட கொழந்த எங்க கண்ணு?" என்று என்னிடம் கேட்டீர்கள். யார் சொன்னார்களோ. இன்னும் கொஞ்சம் கீழே இருந்த அந்தச் சில்வர் ஓக் மரத்தைக் காட்டினேன். மீதி வழியை நீங்கள் நடந்தே வந்தீர்கள். அந்த மரத்தடியில் தோள் துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றீர்கள். ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. அதற்காகவே உங்களை எனக்குப் பிடித்துப்போயிற்று.

நாடாளுமன்றத்தில் தமிழில் பேச வேண்டுமானால் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டுமாம், சொல்லிவைத்துவிட்டு எங்கள் ரோட்டையும் டோலியையும் பற்றித் தமிழிலேயே பேசினீர்கள். ஏற்காடு கடைவீதியில் மளிகைக் கடை பாய் பேப்பரில் வந்திருந்த துண்டுச் செய்தியை எனக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினார். நேரம் முடிந்தது, உட்காருங்கள் என்று சொல்லியும் நீங்கள் உட்காரவில்லையாம். பாய்க்கு ஒரே சந்தோஷம். "நம்ம மலையப் பத்தி டெல்லியில பேசிட்டாரும்மா!" என்று எனக்கு ஒரு கலர் சோடா வாங்கிக் கொடுத்தார். பிறகு வந்த பதில்தான் சப்பென்று போயிற்று. ரோடு போடுவதும் பஸ் விடுவதும் மாநிலத்தின் வேலை, ஆஸ்பத்திரி இன்னொரு துறை என்று கைகழுவிவிட்டார்கள்.

அடுத்த முறை நீங்கள் வந்தபோது ஊரே சோர்ந்து உட்கார்ந்திருந்தது. "இப்பவே உக்காந்துட்டா எப்புடி? நான் மறுக்காவும் கேப்பனுங்க" என்றீர்கள். டெல்லியில் உங்களை 'டோலி எம்.பி.' என்று கிண்டல் செய்கிறார்கள் என்று நீங்களே சொல்லிச் சிரித்தீர்கள். அப்புறம் ஒன்று சொன்னீர்கள்: "ரோடு ஒரு மந்திரிங்கறாங்க, ஆஸ்பத்திரி வேற மந்திரிங்கறாங்க. வலி எடுத்த பொம்பளைக்கு ரெண்டும் ஒண்ணுதானுங்களே?" நானும் எத்தனையோ கூட்டங்களில் உட்கார்ந்திருக்கிறேன். எங்கள் பிரச்சினையை இத்தனை சுருக்கமாக வேறு யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

எனக்கு அப்போது எட்டாம் மாதம். ரோடு வருவதற்குள் பிள்ளை வந்துவிடுமே என்று நான் அழுததைப் பெரியவர் உங்களிடம் சொல்லியிருக்கிறார். நீங்கள் நேரே ஏற்காட்டுக்குப் போய் டாக்டரோடும் அதிகாரிகளோடும் உட்கார்ந்து பேசினீர்கள். ஆஸ்பத்திரிப் பக்கத்தில் சாமான் போட்டு வைத்திருந்த ஓர் அறையைக் காலி செய்து வெள்ளையடித்தார்கள். மலை ஊர்ப் பெண்கள் வலி வருவதற்கு முன்பே வந்து அங்கே தங்கலாம் என்று ஏற்பாடு. அந்த அறையில் முதலில் தங்கியது நான்தான். சுண்ணாம்பு வாசனை போகாத அந்த அறைச் சுவரைப் பார்த்துக்கொண்டே, என் வாழ்க்கையில் முதல்முறையாகப் பயமில்லாமல் வலிக்குக் காத்திருந்தேன். என் மகள் பிறந்தாள். பிறந்ததும் ஆஸ்பத்திரியே அதிரும்படி அழுதாள். நானும் அழுதேன். எங்கள் இருவரையும் யாராலும் சமாதானப்படுத்த முடியவில்லை.

ரோடு போட்டு பஸ் வந்தது அதற்கப்புறம் பல வருஷம் கழித்துத்தான். அதற்குள் நீங்கள் ஒரு தேர்தலில் தோற்றுப்போயிருந்தீர்கள். தோற்ற பிறகும் கலெக்டர் ஆபீசுக்கு எங்கள் ஊர்க்காரர்களைக் கூட்டிக்கொண்டு நடந்தீர்கள். பஸ் முதல்நாள் மேலே ஏறி வந்தபோது உங்களைத் தேடினோம். கூட்டத்தில் நசுங்கிக்கொண்டு, டிக்கெட் எடுத்து, நின்றபடியே வந்திருந்தீர்கள். திரும்பிப் போகும்போது ஊரே சேர்ந்து உங்களைப் பிடித்து முன்சீட்டில் உட்காரவைத்தோம். பெரியவர் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

உங்களிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது அந்தப் பிடிவாதம்தான், ஐயா. நான் இப்போது வார்டு மெம்பர். 'இது எங்க துறை இல்லீங்க' என்று யாராவது சொன்னால், 'எந்தத் துறைன்னு சொல்லுங்க, அங்கயும் வர்றேன்' என்பேன். என்னைப் பார்த்தாலே ஆபீசில் சிலர் டீ குடிக்க எழுந்து போய்விடுகிறார்கள். திரும்பி வராமலா போவார்கள் என்று பெஞ்சில் உட்கார்ந்துகொள்வேன்.

என் மகளுக்கு இது ஏழாம் மாதம். நேற்று ஏற்காட்டுக்குச் செக்கப்புக்குத் தனியாகவே பஸ்ஸில் போய்விட்டு வந்தாள். குழந்தை நன்றாக இருக்கிறதாம். அதை ஒரு வார்த்தையில் சொல்லி முடித்துவிட்டு, செருப்பைக் கழற்றும்போதே சண்டைக்கு வந்தாள். "என்னம்மா பஸ்ஸு இது? மாசமா இருக்கறவளுக்கு உக்கார ஒரு சீட்டு இல்ல. முழுக்க நின்னுட்டே வந்தேன். புது எம்.பி. வரட்டும், கேக்காம உடமாட்டேன்."

"கேளு கண்ணு, நல்லாக் கேளு" என்றேன். அவள் கோபம் அடங்குகிற மாதிரி இல்லை. நான் சமையல்கட்டுக்குள் போய், அவள் பார்க்காதபடி வெகுநேரம் சிரித்துக்கொண்டிருந்தேன்.